ஒரு சாண் உயரத்தில் மூடிகள்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25, நத்தார் தினத்தன்று பிற்பகல் ஒரு மணியளவில், கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரை ஒழுங்கையின் ஐந்தாம் இலக்க வீட்டிலிருந்த மூடிகள் எல்லாம் ஒரு சாண் மேலெழுந்து நின்றன. அன்று சனிக்கிழமை, மழை இல்லை. மஞ்சள் சோற்றுச் சட்டியின் மூடி, கோழிக்கறிச் சட்டியின் மூடி, ஊறுகாய்ப் போத்தலின் மூடி, பிஸ்கட் தகரத்தின் மூடி, குசினிக்கு வெளியே தண்ணீர் டாங்கியின் மூடி, குளியலறையில் இருந்ததைப் பற்றி எழுதத் தேவையில்லை, எல்லாமே தத்தம் பாத்திரத்துக்கு நேர் மேலே அளந்து வைத்தது போல நின்றன. கையால் அமுக்கினால் இறங்கின, கையை எடுத்தால் மறுபடி எழுந்தன. மேசையைச் சுற்றி எமில்டா, அவளுடைய கணவர் அன்ரன், கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த மகள் மதனி, மகன் றொசான் ஆகிய நால்வரும் இருந்தார்கள். ஊரெல்லாம் கேஸ் சிலிண்டர் வெடிக்கும் கதையாக இருந்த காலம் அது. அன்ரன் றெயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர், விபத்துக்குப் பதறாதவர். "கேஸ் லீக்காக்கும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் யன்னல்களைத் திறந்தார். யன்னல்கள் திறந்த பிறகும் மூடிகள் நின்ற இடத்திலேயே நின்றன. கறி ஆறுகிறதே என்று எல்லாரும் சாப்பிடத் தொடங்கினார்கள். எமில்டா மட்டும் சாப்பிடவில்லை. மூடிகள் ஏன் எழுந்தன என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எமில்டா டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவள். லேபல் ஒட்டாத போத்தல் ஒன்று அவள் கையால் வெளியே போனதில்லை. வீட்டிலும் அதே கதைதான், உப்புக்கும் லேபல், சீனிக்கும் லேபல், இரண்டையும் பார்த்தாலே தெரியும் என்று அன்ரன் கேலி செய்தாலும் லேபல். நத்தார் கேக்குக்கும் அப்படியே. ஒக்டோபர் பிறந்ததும் பிளம்ஸ், பூசணித் தோசி, இஞ்சிப் பாகு எல்லாம் பொடியாக வெட்டி இரண்டு போத்தல்களில் ஊறப்போடுவாள். பெரிய போத்தலில் பிராண்டி. சின்னப் போத்தலில் தோடம்பழச் சாறும் தேனும். சின்னப் போத்தலின் லேபலில் 'கைரியா' என்று எழுதியிருக்கும். கைரியா மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய கணவர் சவாஹிர் ஹாஜியார் பசாரில் அலுமினியச் சட்டிபானைக் கடை வைத்திருப்பவர், மார்க்கத்தில் மிகக் கண்டிப்பானவர், வெளியில் ஒரு பணிஸ் வாங்குவதென்றாலும் யார் சுட்டது, எந்த எண்ணெய் என்று கேட்டுக் கடைக்காரனைக் களைக்கவைத்துவிட்டுத்தான் வாங்குவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், 2003 நத்தாருக்கு, எமில்டா முதல் பீங்கானைக் கொண்டுபோனபோது அவர் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டார். "உங்களுக்கெண்டு வேற சட்டியில, வேற கரண்டியால செய்தனான் ஹாஜியார்" என்றாள் அவள். அவர் அவளுடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார். அதற்குப் பிறகு பதினெட்டு நத்தார்கள் அந்தப் பீங்கான் மதிலைத் தாண்டிப் போய் வந்தது. ஒருமுறை நோன்பு திறக்க ஒழுங்கை முழுவதும் கூடியிருந்தபோது ஹாஜியார் எல்லார் முன்னிலையிலும், "மிஸ்ட வீட்டு கேக்க கண்ண மூடிட்டுத் தின்னலாம்" என்று சொன்னார். எமில்டா இந்த வார்த்தையைக் குருநகரிலிருக்கும் தன் அக்காவுக்கு டெலிபோனில் மூன்று முறை சொன்னாள்.

2021இல் பிளம்ஸ் கிடைக்கவில்லை. கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, வரிசை எதற்கென்று தெரியாமலே போய் நின்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் அன்ரன் பழைய றெயில்வே கார்ட் நண்பர் ஒருவரைப் பிடித்து ஒரேயொரு பக்கட் பிளம்ஸ் தேடிக்கொண்டு வந்தார். வந்த சந்தோஷத்தில், எமில்டா வேலையால் வருவதற்குள், கிடந்த பழம் அத்தனையையும் பெரிய போத்தலில் கொட்டிப் பிராண்டியையும் ஊற்றிவிட்டார். சின்னப் போத்தல் லேபலோடு வெறுமையாக அலுமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு எமில்டாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. இந்த வருஷம் ஏலாமல் போய்விட்டது, வாற வருஷம் பார்ப்போம் என்று மதிலருகே நின்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். கைரியா அதைக் கேட்டு இரண்டு நிமிடம் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். ஆனால் அந்த ஒரு வசனம் எமில்டாவின் வாயில் வரவில்லை. இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டாள். வெட்கத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய வெட்கத்தைக் கையால் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரிய கேக்கிலேயே ரோஸ் எசன்ஸும் ஏலக்காயும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, பத்துத் துண்டு வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பீங்கானில் அடுக்கி, மேலே வெள்ளை லேஸ் துணியால் மூடினாள். கோயிலால் வந்த கையோடு அதைத் தானே கொண்டுபோனாள்.

ஹாஜியார் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி ஒரு துண்டை எடுத்துத் தின்றார். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாத வேலையாக, இரண்டாவது துண்டையும் எடுத்தார். அதை மெதுவாகத் தின்றார், தின்னும்போது கண்ணை மூடியிருந்தார். "பதினெட்டு வருஷத்துல இப்பிடி ஒரு கேக் வரல்ல மிஸ்" என்றார். கைரியா தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "மெய்தான், இந்த முற என்ன போட்டீங்க?" என்று கேட்டாள். "ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் எமில்டா. வீட்டுக்கு வந்து மேசையில் எல்லாவற்றையும் வைத்து எல்லாரும் இருந்தபோது, ஒன்றும் அறியாத றொசான், "அம்மா, கைரியா அன்ரியாக்களின்ர கேக் எங்க? நான் காணவே இல்லை" என்று கேட்டான். "அது விடியவே குடுத்தாச்சு. வேற தட்டில செய்தது" என்று அவள் சொன்னாள். சொல்லி வாயை மூடினாள், வீட்டிலுள்ள மற்ற மூடிகள் எல்லாம் எழுந்தன. அப்போது ஒரு மணி.

மூடியில்லாத வீட்டில் வாழ்வது முதல் மாதம்தான் கஷ்டம். சோறு வேகக் கூடுதல் நேரம் எடுத்தது, அதுவும் கேஸ் இல்லாத காலத்தில். மூடியின் மேல் அம்மிக்கல்லை வைத்துப் பார்த்தார்கள், மூடி கல்லையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. மூடியைச் சட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினால் சட்டியும் கூடவே எழுந்ததால் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் வாயை முடிச்சுப் போட்ட பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியதுதான் நிற்கவில்லை, முடிந்தது நின்றது. ஆகவே சீனி, மா, கருவாடு எல்லாம் ஷொப்பிங் பேக்கில் முடிச்சுப் போடப்பட்டு ஆணிகளில் தொங்கின. பங்குச் சுவாமி வந்து வீட்டை மந்திரித்தார், அவருடைய தீர்த்தப் போத்தலின் மூடியும் எழுந்து நின்றதைக் கண்டு ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, தண்ணீர் டாங்கியைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தார். மூடி இல்லை என்று எழுத முடியாது, இருக்கிறது. மூடியிருக்கிறது என்றும் எழுத முடியாது. அவருடைய படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று இல்லாதபடியால், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சின்ன மீன்கள் ஆறைக் கொண்டுவந்து டாங்கியில் விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். ஒழுங்கைச் சனம் ஒரு கிழமை வந்து பார்த்தது. பிறகு கேஸ் வரிசை நீண்டதும் அவரவர் பாடு அவரவருக்குப் பெரிதாகிவிட்டது.

எமில்டாவுக்கு மட்டும் பழகவில்லை. மூடிகள் மட்டுமா, பீங்கானை மூடும் லேஸ் துணியும் எழுந்து மேலே நின்றது, கேக்கைச் சுற்றிய எண்ணெய்த் தாளும் தானாக விரிந்தது. எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கத்தரிக்காய் மோஜுவாகத்தான் தெரிந்தது, அவளுக்கோ தன் நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பது போலிருந்தது. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அங்கே சொன்னது வெளியே வராது, ஆகவே இதைப் பின்னாளில் அவளே சொன்னாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சுவாமியார் மூன்று ஜெபங்களைச் சொல்லச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லச் சொன்னார். ஜெபங்களை அவள் முப்பது தடவை சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஹாஜியாரின் கடைக்குப் போய், இருப்பதிலேயே பாரமான மூடி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அவர் உள்ளே போய்ப் பெரிய பித்தளை மூடி ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "பாரம் கூடினா மட்டும் நிக்குமா மிஸ்" என்றார். எமில்டாவுக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசியது. அந்த மூடியும் நிற்கவில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்குக் கைரியா வீட்டிலிருந்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் வந்தது. வழக்கமாக அது மூடி போட்ட நீல எனாமல் கிண்ணத்தில் வரும். இந்த முறை ஒரு ஷொப்பிங் பேக்கில், வாயை மூன்று முடிச்சுப் போட்டு வந்தது. கிண்ணத்தைத் தர அவர்களுக்கு மனமில்லை, தங்கள் பாத்திரம் இந்த வீட்டுக்குள் வருவதை விரும்பவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது என்று எமில்டா முடிவு செய்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு வாய் தின்றாள். வட்டலப்பம் எப்போதும் போல நன்றாக இருந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த நத்தாருக்குப் பழையபடி இரண்டு போத்தல் ஊறவைத்து, சின்னக் கேக்கைத் தனிச் சட்டியில் சுட்டுக் கொண்டுபோனாள். ஹாஜியார் பீங்கானை நிமிர்ந்தும் பார்க்காமல், "சீனி வருத்தம் மிஸ், டொக்டர் வாணாண்டு செல்லிட்டார்" என்றார். அதற்கடுத்த நத்தாருக்கும் அதையே சொன்னார். உள்ளே வாருங்கள் என்று கைரியாவும் கூப்பிடவில்லை, விறாந்தையோடு பேசி அனுப்பினாள். அந்த இரண்டு நத்தார்களிலும் ஐந்தாம் இலக்க வீட்டில் மஞ்சள் சோறு வந்தது, கட்லட் வந்தது, மதனி கட்டிய மாப்பிள்ளை வந்தான், மூடிகளுக்குக் கீழே கையை விட்டுக் கறி அள்ள அவனும் பழகிக்கொண்டான். எமில்டா பரிமாறிவிட்டுக் கேக்கைத் தொடாமல் எழும்பிவிடுவாள். யாராவது ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

2024 கடைசியில் ஹாஜியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. ஆள் பாதியானார். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். டிசம்பர் முதல் கிழமை கைரியா மதிலருகே வந்து எமில்டாவைக் கூப்பிட்டாள். "ஒரு வாய் சோறு உள்ள போவுதில்ல எமில்டா. டொக்டரே செல்லிட்டார், விரும்புறத கொஞ்சமா குடுங்கண்டு. இவருக்கு என்ன விருப்பம்னு யோசிச்சிப் பாத்தேன். அந்த வருஷம் ஒரு கேக் தந்தீங்களே, கேஸ் இல்லாத வருஷம். ரெண்டு துண்டு தின்னாரே. அதே மாதிரி ஒண்டு செஞ்சி தாங்களே." எமில்டா ஓம் என்றாள். வேறென்ன சொல்வது. உள்ளே வந்து குசினிக் கதிரையில் இருந்து அழுதாள், அன்ரன் வற்புறுத்திக் கேட்டபிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பழத்தைக் கொட்டியது தான்தான் என்று அன்ரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு றெயில்வே மூளையால் ஒரு வழி சொன்னார். "இப்ப பிராண்டி இல்லாமல் செய்து, எசன்ஸைக் கூடப் போட்டுக் குடு. அதுதான் இது எண்டு சொல்லு. வருத்தக்காரனுக்கு என்ன ருசி தெரியப்போகுது?" எமில்டா தலைக்கு மேலே தட்டில் போத்தல்களுக்கு மேல் வரிசையாக நின்ற மூடிகளைப் பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்.

அவள் சின்னப் போத்தல் பழத்தில் கேக் சுட்டாள். ஏலக்காய் அளவாகத்தான் போட்டாள். பீங்கானில் இரண்டு துண்டு வைத்து, லேஸ் துணி இல்லாமல், ஒழுங்கை பார்க்கக் கொண்டுபோனாள். கைரியா கொஞ்சம் தயங்கிவிட்டு, அறைக்குள் வரச் சொன்னாள். மூன்று வருடத்துக்குப் பிறகு எமில்டா அந்த வீட்டின் உள்ளே போனது அன்றுதான். ஹாஜியார் தலையணையில் சாய்ந்து இருந்தார். எமில்டா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, மூச்சுவிடாமல் சொன்னாள். "இது நீங்கள் கேட்ட கேக் இல்லை ஹாஜியார். அந்த வருஷத்துக் கேக்கில பிராண்டி இருந்தது. பழம் ஒரு போத்தல்தான் இருந்தது. இல்லையெண்டு சொல்ல வெட்கமாக் கிடந்தது. தெரிஞ்சுகொண்டுதான் கொண்டந்து தந்தனான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கும் எனக்கு முகமில்லை."

ஹாஜியார் சொன்னார். "மொதத் துண்டு தெரியாமத்தான் தின்னேன் மிஸ். ரெண்டாவது துண்டு தெரிஞ்சி." எமில்டாவுக்கு விளங்கவில்லை. "மொதத் துண்டு முடியக்குள்ளயே வாசம் வெளங்கிட்டு" என்றார் அவர். "கேட்டீந்தா நீங்க உண்மையச் செல்லீப்பீங்க. கேட்டா கீழ வெக்க வேண்டி வரும். அதுக்காகக் கேக்கல்ல. நல்லா ஈந்திச்சி. ஹஜ் செஞ்ச மனிசன், அறுவது வயசுல, ஒரு துண்டு கேக்குக்கு." அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "அல்லாஹ்கிட்ட தவ்பா கேட்டுட்டேன். உங்கட மொகத்தத்தான் பாக்க ஏலாமப் போச்சி." அப்போதுதான் எமில்டா நிமிர்ந்தாள். கட்டிலருகே சின்ன மேசையில், அவளே லேபல் எழுதிக் கொடுத்த மருந்துப் போத்தல் இருந்தது. அதன் வெள்ளை மூடி ஒரு சாண் மேலே நின்றது. தண்ணீர்க் கோப்பையின் மூடியும் நின்றது. பக்கத்தில் நீல எனாமல் கிண்ணம் இருந்தது, அதன் மூடியும்.

2021 நத்தார் தினத்தன்று பிற்பகல் ஒரு மணிக்கு அந்த வீட்டு மூடிகளும் எழுந்திருக்கின்றன. கைரியா அதை யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தொற்றியது என்று நினைத்தாள், தெரிந்தால் எமில்டா மனம் நோவாள் என்று விறாந்தையோடு ஆட்களை நிறுத்தி, வட்டலப்பத்தைப் பையில் முடிந்து அனுப்பி, மூன்று வருடம் அதை ஒளித்துக் காப்பாற்றினாள். இப்போது கதவு நிலையில் நின்று இரண்டு பேரும் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் மட்டுமா ஒண்டும் தெரியாமத் தின்னீக்கேன்?" என்று கேட்டாள். "மிஸ்ஸுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். நான் அன்னைக்கு மூணு துண்டு தின்னேன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். சட்டி மூடியைப் படாரென்று போட்டுக் கோபத்தைக் காட்ட அந்த வீட்டில் வழியில்லை, ஆகவே அவள் சத்தமில்லாமல் அழுதாள். எமில்டா பீங்கானை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஹாஜியார் அன்றிரவு ஒரு துண்டில் பாதி தின்றதாக அறியப்படுகிறது.

பதினாறு நாள் கைரியா மதில் பக்கமே வரவில்லை. எமில்டா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, காலை ஒன்பது மணிக்கு, கைரியா தன் வீட்டுச் சட்டியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஐந்தாம் இலக்க வீட்டுக் குசினிக்குள் வந்து நின்றாள். "மன்னிச்சேண்டு செல்ல வரல்ல" என்றாள். "நிண்டு பாக்க வந்தீக்கேன்." எமில்டா ஓம் என்று தலையாட்டிவிட்டு, பழம் மிச்சமிருந்த சின்னப் போத்தலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். கைரியா லேபலை வாசித்தாள், மோந்து பார்த்தாள், பிறகு பழத்தைத் தானே தன் சட்டியில் கொட்டினாள். முட்டையை எமில்டா உடைத்தாள், ரவையைக் கைரியா வறுத்தாள். முதல் ஒரு மணித்தியாலம் பேச்சில்லை. கஜு வெட்டும்போது கஜுவின் விலை வந்தது, விலையோடு பேச்சும் வந்தது.

இனி மூடிகள் இறங்கிவிடும் என்று அன்ரன் எதிர்பார்த்தார். நத்தார் அன்று சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக அமுக்கியும் பார்த்தார், இறங்கவில்லை. எமில்டாவின் வெட்கமும் போகவில்லை. போகக்கூடிய வெட்கம் அது இல்லை என்று அவளே சொல்கிறாள். ஆனால் அன்று அவள் எல்லாரோடும் மேசையில் இருந்து சாப்பிட்டாள், சின்னக் கேக்கில் ஒரு துண்டும் தின்றாள். ஹாஜியாரை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார்கள். அவர் பீங்கானைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், எமில்டாவின் முகத்தையும் பார்த்தார், பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தின்றார். "அந்த வருஷத்த மாதிரி இல்ல" என்றார். "இல்லைத்தான்" என்றாள் எமில்டா.

தை மாதம் பி.எச்.ஐ. மாத்தயா வந்தபோது கைரியா ஒளிக்காமல் தங்கள் டாங்கியையும் காட்டினாள். அவர் பழக்கப்பட்ட ஆளாகையால் மேலே பார்க்கவில்லை, மீன் விடச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். எமில்டாவின் டாங்கியில் ஆறு மீன் இப்போது எண்ண முடியாத அளவுக்குப் பெருகியிருந்தது. அவள் பன்னிரண்டைக் கோப்பையால் அள்ளி, தண்ணீரோடு ஷொப்பிங் பேக்கில் ஊற்றி, வாயை மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனாள். "பன்னெண்டு இருக்கு" என்றாள். கைரியா பையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டும் இருந்தன.